ரிட்ஜ் கோட்டைக் கலியன்

ஜனக்புரி, புது தில்லி
7 ஜூலை 2024

அன்புள்ள அம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நானும் உன் அத்திம்பேரும் சௌக்கியம். நீயும் வத்சலாவும் எப்படி இருக்கிறீர்கள்.

இதை எழுதுவது என் வலது கை. பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. கால் திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது. கைதான் வீம்பு பிடிக்கிறது.

பிஸியோதெரபிஸ்ட் ஆரிப் தினமும் எழுதச் சொல்கிறார். "ஜல்தி நஹீன் மேடம், லேகின் ரோஜ்" என்கிறார். அவசரம் இல்லை, ஆனால் ஒரு நாளும் விடக்கூடாதாம். ஸ்ரீராமஜயம் எழுதலாமே என்றார் உன் அத்திம்பேர். எனக்கு உன்னோடு சண்டை போட வேண்டும்.

கரோல் பாக் வீட்டுக் கம்ப்யூட்டர் உன்னிடம்தானே இருக்கிறது. அதில் நம் ராஜ்யம் விளையாட்டு இருக்கும். 1996இல் நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதால் பாதியில் நின்ற யுத்தம். திற. அன்று கீபோர்டுக்கு அடியில் சீட்டு வைத்தோமே, அது போல என் உத்தரவுகளைக் கடிதத்தில் அனுப்புகிறேன். நீ அவற்றை நடத்து. உன் முறையையும் ஆடு. பதில் போடு. தமிழில், கையால். போனில் சொன்னால் செல்லாது.

ஏப்ரலில் நான் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். கரும்பலகையில் எழுத முடியாத கணக்கு டீச்சர் யாருக்கும் வேண்டாம்.

இந்தக் கடிதம் ஒன்பது நாள் எழுதியது.

உன் முறை.
மாதங்கி


டிக்பாய், அஸ்ஸாம்
24 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்பியின் நமஸ்காரம். நாங்கள் இருவரும் நலம். பதினைந்து நாளாக மழை. துவைத்த சட்டை எதுவும் காய்வதில்லை. மற்றபடி குறையில்லை.

உன் கடிதத்தைப் பிரித்ததும் பயந்துவிட்டேன். பக்கத்துக்கு ஆறு வரி, ஒவ்வொரு எழுத்தும் எலுமிச்சை அளவு. படித்து முடித்ததும் பயம் போய்விட்டது. கை எப்படி இருந்தாலும் உத்தரவு போடுகிற குணம் அப்படியே இருக்கிறது.

தமிழில் எழுதச் சொல்கிறாய். ஐந்தாவது வரை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான் கைவசம். அப்புறம் நம்மை வீட்டுப் பக்கத்து அரசுப் பள்ளியில் போட்டார்கள். காலை ஷிப்டு பெண்களுக்கு, மதிய ஷிப்டு பையன்களுக்கு. நீ வீட்டுக்கு வரும்போது நான் கிளம்பிப் போயிருப்பேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறைதான் ஆடலாம் என்று அப்பா சட்டம் போட்டிருந்தார். அதனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சீட்டில்தான் பேசினோம். "உன் எல்லையில் மூன்று குதிரைப்படை நிற்கிறது, ஜாக்கிரதை. உன் டிபன் பாக்ஸைத் தொலைத்தது நான்தான், அம்மாவிடம் சொல்லாதே" என்று ஒரே சீட்டில் யுத்தமும் குடும்பமும் இருக்கும்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஓடுகிறது. நிலவரம் இதுதான். உனக்கு ஆறு நகரம், எனக்கு ஏழு. உன்னுடையவை நம் பஸ் போகிற இடங்களின் பெயரில்: தேவ்நகர், பூசா, ஓக்லா, இப்படி. என்னுடையவை நான் தின்ன ஆசைப்பட்டவற்றின் பெயரில்; தலைநகரம் ரப்டிபுரம். நடுவில் மலை. அதன் மேல் உன் ரிட்ஜ் கோட்டை. அதில் உன் ஈட்டிக்காரன் கலியன் ஒற்றை ஆளாக நிற்கிறான். அப்பா ஆபீஸ் பியூன் கலியன் பெயரை நீதான் அவனுக்கு வைத்தாய். மானிட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி, நடுவில் எங்கேயும் இறக்காமல் ஏறி வந்தாரே, அந்த மரியாதைக்காக.

உத்தரவு போடு. காத்திருக்கிறேன்.

உன் முறை.
அம்பி


டிக்பாய்
26 ஜூலை 2024

மதிப்புக்குரிய அத்திம்பேருக்கு,

நமஸ்காரம். நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும். இதை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் பாங்க் முகவரிக்கு அனுப்புகிறேன். போன் செய்தால் அக்கா பக்கத்தில் இருப்பாள். மெசேஜ் போட்டால் உங்கள் போனை உங்களுக்கு முன்னால் அவள் பார்ப்பாள்.

நான் அக்காவுக்கு எழுதியது பொய். கம்ப்யூட்டர் ஓடவில்லை. இந்த ஊர் ஈரம் பெட்டிக்குள் புகுந்து உள்ளே எல்லாம் பச்சை பூத்துவிட்டது. ஹார்ட் டிஸ்கைத் தின்சுகியாவில் இரண்டு கடைகளில் காட்டினேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் வருத்தம் தெரிவித்தார். டிஸ்கெட்டுகளில் பூஞ்சை.

பிழைத்தது ஒரு பிஸ்கட் டின் மட்டும். அதற்குள் எங்கள் சீட்டுகள், நானூறுக்கு மேல். அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். கடைசி நாளில் யாருக்கு எங்கே எத்தனை நகரம், எத்தனை படை என்று அதில் எல்லாம் இருக்கிறது. கிராஃப் தாள்களை ஒட்டி வரைபடம் போட்டுவிட்டேன். சண்டைக்குப் பகடை. சாப்பாட்டு மேஜை முழுக்க ராஜ்யம். நானும் வத்சலாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

இதே மாதிரி விளையாட்டு இப்போது புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் அவள் கேட்பது அந்த யுத்தத்தை. இல்லை என்று எழுதினால் "பரவாயில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும். ஏப்ரல் வரை அவள் எழுத வேண்டும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டால் ரேஷன் கடைக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்
அம்பி


ஜனக்புரி
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்பிக்கு,

ஆசிகள். சௌக்கியம். உங்கள் ஊர் மழை குறைந்ததா. வத்சலா போனில் இருமினாளே, நின்றதா.

இந்தக் கடிதம் நாலு நாளில் முடிந்தது. ஆரிப்பிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. "லைன் சீதீ ஹை" என்றார். வரி நேராக இருக்கிறதாம். போதும்.

உன் கடிதத்தில் ஏழு பிழை. சிவப்பு மையில் திருத்தி உள்ளே வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் இப்போதும் தொங்குகிறதா. திடீரென்று எல்லாம் உறைந்துபோகும். சுவர் ஸ்விட்சை அணைத்து, ஐம்பது எண்ணி, மறுபடி போட வேண்டும். எண்ணும்போது நீ முப்பதிலிருந்து நாற்பதுக்குத் தாவுவாய். அப்படிச் செய்யாதே.

உத்தரவுகள். தேவ்நகரில் சிப்பாய் வேண்டாம். இரண்டு குடியேறும் குழு தயார் செய். யமுனை வளைகிற இடத்தில் புது நகரம், பெயர் ஜனக்புரி. நகரம் போடும் முன்னால் சாலை போடு. சாலை இல்லாத நகரத்துக்குச் சோறு போய்ச் சேராது, நீ இதை எப்போதும் மறப்பாய். வரியை ஏற்றாதே, கலகம் வரும். அதிசயக் கட்டடம் எதுவும் வேண்டாம். நீ ரப்டிபுரத்துக்கு மதில் கட்டாமல் தொங்கும் தோட்டம் கட்டினாயே, எத்தனை நாள் அழுதாய்.

கலியன் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மலை மேல் நிற்பவன் பழைய ஆளாக இருந்தாலும் இரண்டு ஆளுக்குச் சமம்.

உன் முறை.
மாதங்கி


டிக்பாய்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். மழை குறைந்தது, இருமல் நின்றது, பிழை ஏழிலிருந்து ஐந்தாகும் என்று நம்புகிறேன்.

உத்தரவுப்படி எல்லாம் நடந்தது. புது ஜனக்புரி எழும்பிவிட்டது. பக்கத்து மலையில் தங்கம் கிடைத்தது, உன் அதிர்ஷ்டம். வடக்கே யார் நாட்டையும் சேராத காட்டுக்கூட்டம் ஒன்று தலை காட்டியது. உன் பக்கம் வரும் என்று நினைத்தேன், கிழக்கே திரும்பிப் போய்விட்டது. விளைச்சல் நன்றாக இருக்கிறது. மக்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் என் நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினேன், வேறு விசேஷம் இல்லை.

கம்ப்யூட்டர் நேற்றுக்கூடத் தொங்கியது. ஐம்பது எண்ணினேன். தாவவில்லை.

ஆரிப் என்ன சொல்கிறார். பள்ளியிலிருந்து யாராவது வந்து பார்த்தார்களா. தோள் வலி இருப்பதாக அத்திம்பேர் போனில் சொன்னார், நீ எழுதவில்லையே.

உன் முறை.
அம்பி


ஜனக்புரி
20 அக்டோபர் 2024

அம்பிக்கு,

ஆசிகள். தோளில் வலி இருக்கிறது. வலி இருக்கிறது என்று எழுதினால் குறையுமா.

போன வாரம் பிரின்சிபால் கல்யாணராமன் ஆப்பிள் பழங்களோடு வந்தார். நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குப் பேச எளிதாக இருந்திருக்கும். "டீச்சர், நீங்க ஏன் கஷ்டப்படணும்? லைப்ரரில உக்காருங்கோ. ஏசி போட்டிருக்கோம். எழுதவே வேண்டாம்" என்றார். உன் அத்திம்பேர் தலையை ஆட்டினார். எதிர்வீட்டு மாமி, "நல்லதாப் போச்சு, ஹோ கயா, இனிமே ரெஸ்ட் எடு" என்றாள். எல்லாம் முடிந்ததாம். எல்லோரும் எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். நான் உட்காரவே இல்லையே என்று யாரும் பார்ப்பதில்லை.

நீயும் அதையே செய்கிறாய். மூன்று மாதமாக ஒரு காட்டுக்கூட்டம் என் எல்லைக்குள் வரவில்லை. வடக்கிலிருந்து வந்தது ஏன் கிழக்கே திரும்ப வேண்டும், அங்கே என்ன இருக்கிறது. பூசாவுக்கு மதில் இல்லை என்று உனக்குத் தெரியும். உன் குதிரைப்படை இரண்டு கட்டம் தள்ளி நிற்கிறது. பழைய அம்பியாக இருந்தால் முதல் வாரமே எடுத்திருப்பான், எடுத்துவிட்டுச் சீட்டில் கழுதைப் படம் வேறு போட்டிருப்பான். நீ பள்ளிக்கூடம் கட்டுகிறாய்.

எனக்கு நோயாளியோடு விளையாடுகிற தம்பி வேண்டாம். என்னை அடி. அடிக்க முடியாது என்றால் சொல்லிவிடு, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் முறை.
மாதங்கி


டிக்பாய்
10 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை என்றாலும் நலம்தான். வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது. ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கிராஃப் தாளில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

பூசா போயிற்று. என் குதிரைப்படை ஒரே அடியில் உள்ளே புகுந்துவிட்டது. களஞ்சியத்தில் இருந்த கோதுமை முழுதும் இப்போது ரப்டிபுரத்தில். காட்டுக்கூட்டம் மறுபடி வந்தது; இந்தத் தடவை திரும்பவில்லை. புது ஜனக்புரியின் சாலையை மூன்று இடத்தில் வெட்டிப்போட்டது. நகரத்தில் பசி, மக்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ரிட்ஜுக்குக் கீழே நாலு பீரங்கி கொண்டுவந்து நிறுத்துகிறேன். கலியனிடம் சொல்லிவை.

நீ கேட்டாய், கொடுத்துவிட்டேன்.

கழுதைப் படம் கீழே.

உன் முறை.
அம்பி


ஜனக்புரி
8 டிசம்பர் 2024

அன்புள்ள அம்பிக்கு,

ஆசிகள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நவம்பரில் காற்று கெட்டுப்போய்ப் பள்ளிகளை மூடினார்கள். ஆரிப் முகமூடி போட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து முறுக்கிவிட்டுப் போனார். நீங்கள் இருவரும் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.

பூசா போன செய்தியைப் படித்ததும் பெரிய மூச்சு விட்டேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக யாரோ என்னை மனுஷியாக மதித்திருக்கிறார்கள். கழுதைக்குக் காது சின்னது.

அன்றே கல்யாணராமன் சாருக்குக் கடிதம் எழுதினேன், இதே கையால். லைப்ரரி வேண்டாம், தேதி கொடுங்கள் என்று. பிப்ரவரி 10, திங்கட்கிழமை. எட்டாம் வகுப்பு, நாற்பது நிமிஷம், பத்துக் கணக்கு, கரும்பலகையில். அவர் உட்கார்ந்து பார்ப்பார். முடிந்தால் ஏப்ரலிலிருந்து வகுப்பு. முடியாவிட்டால் லைப்ரரி, நான் வாயைத் திறக்கக் கூடாது. ஒப்புக்கொண்டேன்.

சமையலறைக் கதவில் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தரச் சொன்னேன். உன் அத்திம்பேர் அன்றே அடித்துக் கொடுத்தார். காலையில் அதில் எழுதுகிறேன். மூன்றாவது கணக்கில் கை விழுந்துவிடுகிறது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

உத்தரவுகள். வெட்டிய சாலையைச் சரி செய். தேவ்நகருக்கு மதில். ஓக்லா துறைமுகத்தில் கலங்கரை விளக்கம் கட்டு. வேறு எந்த வேலை நின்றாலும் அது நிற்கக் கூடாது. கலியன் பின்வாங்க மாட்டான். உதவிக்கும் யாரையும் அனுப்பாதே.

உன் முறை.
மாதங்கி


டிக்பாய்
3 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம், புத்தாண்டு வாழ்த்துகள். நலம். சமையலறைக் கதவைப் பற்றிப் படித்துவிட்டு வத்சலா எங்கள் கதவையும் பார்த்தாள். நான் வெளியே போய்விட்டேன்.

சாலை சரியாகிவிட்டது. தேவ்நகருக்கு மதில் எழும்பிவிட்டது. ஓக்லாவில் கலங்கரை விளக்கம் கட்டி முடித்தாகிவிட்டது. உன் கப்பல்கள் இனி இரண்டு கட்டம் கூடுதலாகப் போகும். அழகாக இருக்கிறது, நீ பார்க்க வேண்டும்.

ரிட்ஜில் யுத்தம். என் நாலு பீரங்கியும் ஒன்றன் பின் ஒன்றாக அடித்தன. நாலும் போயின. கலியன் நிற்கிறான். உடம்பில் உயிர் கொஞ்சம்தான் மிச்சம் என்று திரை காட்டுகிறது, ஆனால் நிற்கிறான்.

பத்தாம் தேதிக்கு நான் லீவு போட்டு வரட்டுமா. வகுப்பறைக்கு வெளியே நின்றுகொள்கிறேன்.

உன் முறை.
அம்பி


ஜனக்புரி
25 ஜனவரி 2025

அம்பிக்கு,

ஆசிகள். கடிதம் கிடைத்தது. வர வேண்டாம்.

இந்த முறை உத்தரவு எதுவும் இல்லை. பத்தாம் தேதி வரை ராஜ்யம் அப்படியே நிற்கட்டும்.

மாதங்கி


ஜனக்புரி
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்பிக்கு,

அக்காவின் ஆசிகள், வத்சலாவுக்கும். இங்கே சுகம். பத்தாம் தேதி சாயங்காலம் நீ நாலு தடவை போன் செய்தாய். உன் அத்திம்பேரை "முடிந்தது" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். மீதியை எழுதத்தான் வேண்டும் என்று வைத்திருந்தேன்.

எட்டாம் வகுப்பு பி பிரிவு. கல்யாணராமன் சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். காரணிப்படுத்தல், பத்துக் கணக்கு. முதல் மூன்றும் நேராக வந்தன. நாலாவதிலிருந்து வரி கீழே சரிய ஆரம்பித்தது. ஆறாவதில் சாக்பீஸ் நழுவி விழுந்தது. முதல் பெஞ்சுப் பெண் எடுத்துத் தர எழுந்தாள், உட்காரச் சொன்னேன். நானே குனிந்து எடுத்தேன், அதற்கே அரை நிமிஷம் ஆயிற்று. எட்டாவதில் தோள் விட்டுப்போனது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மீதியை எழுதினேன். பத்தாவதை எழுதிவிட்டு மணியைப் பார்த்தேன், இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது.

கல்யாணராமன் சார் எழுந்து, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். சுபிக்ஷா என்று ஒரு வாயாடி. "சார், டிஜிட்டல் போர்ட்ல எல்லாம் ஃபடாஃபட் போயிடும். மேம் எழுதின ஸ்பீட்ல இன்னிக்குத்தான் முழுசா காப்பி பண்ணினேன்" என்றாள். அவள் என்னைப் புகழ்ந்தாளா, கேலி செய்தாளா என்று இன்னும் தெரியவில்லை. சார் என்னிடம், "ஏப்ரல்லேர்ந்து எட்டாவதும் ஒம்பதாவதும் நீங்களே எடுத்துக்கோங்கோ. லைப்ரரிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார்.

ஆக, வகுப்பு எனக்கு. வரி சரியத்தான் செய்யும். பிள்ளைகள் தலையைச் சாய்த்துப் படிக்கட்டும்.

இனி உன் விஷயம். ஓக்லாவில் கலங்கரை விளக்கம் கட்டி முடித்ததாக எழுதினாய். அம்பி, நம் ராஜ்யத்தில் ஒருவரும் கலங்கரை விளக்கம் கட்டி முடித்ததில்லை. முடிக்கவே முடியாது. பத்மநாபன் மாமா நமக்கு இந்த விளையாட்டைக் காப்பி எடுத்துக் கொடுத்தாரே, அதில் மூன்றாவது டிஸ்கெட்டில் கோளாறு. விளக்கம் முடிகிற நொடியில் கம்ப்யூட்டர் தொங்கிவிடும். மறுபடி போட்டால் விளக்கம் இருக்காது. பதினோரு தடவை கட்டிப் பார்த்தேன். உன் நாட்டில் கடலே கிடையாது, உனக்குத் தெரிய வழியில்லை. என் பலவீனத்தை எதிரிக்குச் சொல்வேனா, அதனால் எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

நவம்பரில் நீ எழுதிய கிராஃப் தாளின் பின்பக்கம் ஒரு ஆற்றைப் பென்சிலில் வரைந்து அழித்த தடம் இருந்தது. யமுனை வளைகிற இடம். அதைப் பார்த்துச் சந்தேகம் வந்துதான் விளக்கம் கட்டச் சொன்னேன். நீ கட்டிவிட்டாய். அழகாக இருக்கிறது என்று வேறு எழுதினாய்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எல்லோரும் எனக்குச் சலுகை கொடுக்கிறார்கள், என் தம்பி ஒரு பொய் ராஜ்யத்தையே கொடுத்துவிட்டான் என்று தோன்றியது. உன் அத்திம்பேரைக் கேட்டேன். ரேஷன் வாங்க வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு ரேஷன் கார்டே கிடையாது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்த வரைபடத்தில் எத்தனை கட்டம், ஒவ்வொன்றிலும் காடா மலையா என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறித்திருப்பாய். நோயாளி என்று இரக்கப்படுகிறவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவான், இவ்வளவு உழைக்க மாட்டான். அப்போது அழுதேன். கை வலிக்கிறதா என்று உன் அத்திம்பேர் கேட்டார். ஆமாம் என்றேன்.

பத்தாம் தேதிக்கு முன் இதையெல்லாம் எழுதினால் இரண்டு பேருக்கும் கை ஓடாது. அதனால்தான் அந்த மூன்று வரிக் கடிதம்.

ஒன்று மட்டும் என்னை விடவில்லை. ரிட்ஜில் கலியன் நாலு தடவை அடி வாங்கி நின்றான் என்றாய். எட்டாவது கணக்கில் தோள் விட்டபோது எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. அவன் நிஜமாக நின்றானா, நீ நிறுத்தி வைத்தாயா. நிறுத்தி வைத்திருந்தாலும் கெட்டுப்போக ஒன்றுமில்லை, நான் எழுதி முடித்துவிட்டேன். ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும். உண்மையை எழுது. பொய் எழுதும்போது உன் எழுத்து பொடியாகிவிடும். இருபத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்தியவளிடம் அது செல்லாது.

உன் முறை.
மாதங்கி


டிக்பாய்
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்பியின் நமஸ்காரம். நாங்கள் நலம். உன் கடிதத்தை நான் ஒரு தடவையும் வத்சலா மூன்று தடவையும் படித்தோம். சாக்பீஸ் விழுந்த இடம் வந்ததும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள், நிஜத்தைத்தான் எழுதப்போகிறேன்.

கம்ப்யூட்டர் செத்து வருஷக்கணக்காகிறது. இருந்தது அம்மாவின் பிஸ்கட் டின்னும் நம் சீட்டுகளும்தான். அக்டோபர் வரை நான் பகடையைத் தொடவே இல்லை. தங்கம் கிடைத்தது, காட்டுக்கூட்டம் திரும்பியது எல்லாம் நானாக எழுதியது. அதற்கு என்னை மன்னித்துவிடு. நீ திட்டி எழுதிய கடிதம் வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் உருட்டினேன். பூசாவுக்கு ஆறு விழுந்தது, அது போனது.

இனி ரிட்ஜ். மலை மேல் இருப்பவனை வீழ்த்த என் பீரங்கிக்கு ஐந்தோ ஆறோ விழ வேண்டும் என்று யுத்தத்துக்கு முன்னாலேயே தாளில் எழுதி வைத்திருந்தேன். உருட்டினேன். இரண்டு, நாலு, ஒன்று, மூன்று. நாலு பீரங்கியும் தீர்ந்துவிட்டது.

இதுவரை உனக்குச் சாதகமான உண்மை. மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது அக்கா. ஆறு மாதம் இடுப்பு ஒடிய வரைந்தவன், எட்டு நகரத்துக்கு ராஜா, ஒரு ஈட்டிக்காரனிடம் தோற்கிறேன். நீ தில்லியில் ஜெயிப்பது எனக்கு வேண்டும்தான், ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ரிட்ஜ்தான் வேண்டியிருந்தது. வத்சலா, "ஏன்னா, மூஞ்சி ஏன் இப்படிப் போறது?" என்று கேட்டாள். என்னிடம் ஐந்தாவது பீரங்கி கிடையாது. இருந்தும், நீ பார்க்கவா போகிறாய் என்று, ஐந்தாவது தடவையும் உருட்டினேன். ஐந்து விழுந்திருந்தால் கோட்டை விழுந்தது என்றுதான் எழுதியிருப்பேன், சத்தியமாக. இரண்டு விழுந்தது.

உன் கலியனை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. நான் தள்ளியும் அவன் விழவில்லை.

ஓக்லா விளக்கத்தை இடிக்கப்போவதில்லை. காகிதம் தொங்காது. மேஜை அப்படியே இருக்கிறது, நாங்கள் தரையில்தான் சாப்பிடுகிறோம். ஏப்ரலில் வகுப்பு ஆரம்பித்ததும் உனக்கு நேரம் இருக்காது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. பூசாவைத் திரும்பப் பிடிக்க உனக்குத் தெம்பு இருந்தால் பிடி.

உன் முறை.
அம்பி

சாட்சி: ஐந்தாவது தடவையும் உருட்டினார். நான் பார்த்தேன்.
வத்சலா ஜகந்நாதன்